உங்கள் தெருவின் மழையைத் தெருவிலேயே இறக்குவது எப்படி?

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு தரை தெரிந்த வருடம் அது. ரயில் வந்து நின்றதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. வந்த தண்ணீருக்கு மாலை போடாத குறைதான்.

அந்த 25 லட்சத்தை நினைவில் வைத்துக்கொண்டு ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு சதுர மீட்டர் தளத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 1000 சதுர அடி மொட்டை மாடி என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். சென்னையில் வருடத்துக்குச் சராசரியாக 1,400 மி.மீ. மழை. பெருக்கினால் 1,30,000 லிட்டர் வருகிறது. தெறித்தது, ஆவியானது, முதல் மழையில் வெளியே விட்டது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் ஒரு லட்சம் லிட்டர் தேறும். இப்படி 25 வீடு உள்ள ஒரு சாதாரணத் தெருவின் தலையில் வருடா வருடம் ஒரு தண்ணீர் ரயில் வந்து கொட்டுகிறது. நாம் அதைக் குழாய் வைத்து ரோட்டில் விடுகிறோம். பிறகு ரோட்டில் தண்ணீர் நிற்கிறது என்று கவுன்சிலருக்குப் போன் செய்கிறோம்.

ஊரின் சுற்றுச்சூழலுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் மரம் நடுவதிலோ ஏரி சுத்தம் செய்வதிலோதான் தொடங்குகிறார்கள். நல்ல வேலைகள்தான். ஆனால் முதல் வேலையாக நான் சிபாரிசு செய்வது தெருவின் மழை. வேலை காம்பவுண்டு சுவருக்குள்ளேயே நடப்பதால் யாரிடமும் அனுமதிக்கு நிற்கவேண்டாம். ஒரே பருவத்தில் கிணற்று மட்டத்தைப் பார்த்துப் பலனைச் சொல்லிவிடலாம். லாரித் தண்ணீர்ச் செலவு குறைவதால், சுற்றுச்சூழல் என்றாலே கொட்டாவி விடுகிற ஆளும் காது கொடுப்பார்.

"எங்கள் வீட்டில்தான் ஏற்கெனவே இருக்கிறதே!"

எந்தக் கதவைத் தட்டினாலும் முதலில் வரும் பதில் இதுதான். பொய்யும் இல்லை. 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அவசர அவசரமாக எல்லோரும் குழாய் போட்டார்கள், குழி வெட்டினார்கள். நிஜமாகவே நிலத்தடி நீர் ஏறிய இடங்கள் உண்டு. ஆனால் பல வீடுகளில் அந்தக் குழி இரண்டடிக்கு இரண்டடி, அதற்குள் ஜல்லி, மேலே ஒரு சிமெண்ட் மூடி. அதற்கப்புறம் அந்த மூடியை யாரும் திறக்கவில்லை. இருபது வருட வண்டல் உள்ளே இறுகிக் கிடக்கிறது. மேலே துளசி மாடம் கட்டிவிட்ட வீடுகூடப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே புதிதாக எதையும் கட்டுவதற்கு முன்னால், இருப்பதைத் திறந்து பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் ஒரு நோட்டு, ஒரு கடப்பாறை, துணைக்கு இரண்டு பேர். வீடு வீடாகப் போய் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: மாடியின் அளவு, மழைநீர்க் குழாய்கள் எத்தனை, ஒவ்வொன்றும் எங்கே போய் முடிகிறது, குழி இருக்கிறதா, பழைய கிணறு இருக்கிறதா. கிணறு உண்டா என்பதை மூன்று தடவை கேட்க வேண்டும். "இல்லை" என்பார்கள். பிறகு பாட்டி யாராவது உள்ளிருந்து, "கார் நிறுத்துற இடத்துக்கு அடியில இருக்கே" என்பார்.

இந்தச் சுற்றில் தவறாமல் பார்க்கவேண்டியது ஒன்று உண்டு. எங்கள் தெருவில் நாங்கள் அதைப் பார்க்காமல் விட்டு அவதிப்பட்டோம். மாடியிலிருந்து இறங்கும் குழாயில், வழியில் வேறு ஏதாவது வந்து சேருகிறதா என்பதுதான் அது. பால்கனியில் வாஷிங் மெஷின் வைத்திருப்பவர்கள் அதன் கழிவுநீரை மிக வசதியாக மழைக் குழாயில் செருகிவிடுவார்கள். நாங்கள் அது தெரியாமல் ஒரு வீட்டுக் குழாயைக் கிணற்றில் இணைத்தோம். பத்து நாளில் கிணற்றில் நுரை. அந்தக் கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்து, வீட்டுக்காரரைச் சமாதானம் செய்து முடிப்பதற்குள் பாதி மழைக்காலம் போய்விட்டது. ஒவ்வொரு குழாயிலும் மாடியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, கீழே எங்கே வருகிறது என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு மாடியிலும் குழாயில் கூடுதல் இணைப்பு இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

மண்ணைக் கேட்டுவிட்டுத் தோண்டுங்கள்

சென்னையிலேயே பெசன்ட் நகர் பக்கம் கடற்கரை மணல். கிண்டி, வேளச்சேரி பக்கம் கொஞ்சம் தோண்டினாலே பாறை. நகரின் மேற்குப் பகுதிகளில் பல இடங்களில் கனத்த களிமண். ஒரே வரைபடத்தை எல்லாத் தெருவுக்கும் கொடுக்கிற ஒப்பந்தக்காரரை நம்பாதீர்கள்.

சோதனை எளிது. ஓரடி அகலம், இரண்டடி ஆழத்தில் ஒரு குழி வெட்டுங்கள். தண்ணீரை நிரப்பி, முழுக்க உறிஞ்ச விடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் அடையாளம் போட்டு, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். மணலாக இருந்தால் நீங்கள் காபி குடித்துவிட்டு வருவதற்குள் குழி காலி. களிமண்ணாக இருந்தால் மறுநாள் காலையிலும் தண்ணீர் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

மணலா, கவலை விட்டது. மூன்றடிக்கு மூன்றடி, ஐந்தடி ஆழத்தில் ஒரு கசிவுக் குழி போதும்.

களிமண்ணில் அந்தக் குழி வெறும் தொட்டி. களிமண் அடுக்கைத் தாண்டி, அதன் கீழே உள்ள மணல் அடுக்கு வரை இறங்கவேண்டும். அதற்குத்தான் உறைக் கிணறு. சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, பக்கவாட்டில் துளை விட்டு, அடியைத் திறந்தே வைப்பது. பாறைப் பகுதியிலும் இதே முறைதான். அங்கே உடைந்த பாறை அடுக்கு வரை போனால் தண்ணீர் வழி கண்டுபிடித்துக்கொள்ளும். எவ்வளவு ஆழத்தில் எந்த மண் என்று தெரியவேண்டுமா? பக்கத்தில் கடைசியாக போர் போட்ட வீட்டில் கேளுங்கள். எத்தனை அடியில் என்ன மண் வந்தது என்பது போர் போட்ட அன்று பக்கத்திலேயே நின்ற வீட்டுக்காரருக்கு மனப்பாடமாக இருக்கும்.

அளவு எப்படி முடிவு செய்வது? மூன்றடி விட்டம், பதினைந்தடி ஆழமுள்ள உறைக் கிணறு ஏறக்குறைய 3,000 லிட்டர் பிடிக்கும். 1000 சதுர அடி மாடியில் ஒரு மணி நேரத்தில் 25 மி.மீ. கொட்டினால் வருவது சுமார் 2,300 லிட்டர். அதாவது ஒரு மணி நேர நல்ல மழையை, மண் ஒரு சொட்டுகூட உறிஞ்சாவிட்டாலும், கிணறு தாங்கும். இரண்டு மடங்கு மாடி என்றால் விட்டத்தை நான்கடியாக்குங்கள், 5,000 லிட்டருக்கு மேல் பிடிக்கும். இதற்குள் ஜல்லியைக் கொட்டி நிரப்பச் சொல்பவர்கள் வருவார்கள். வேண்டாம். கொள்ளளவில் பாதிக்கு மேல் கல்லே தின்றுவிடும், தூர்வாரவும் முடியாது. கிணறு காலியாகவே இருக்கட்டும், மேலே கனமான மூடி போதும்.

வீட்டில் பழைய கிணறு இருந்தால் இத்தனையும் தேவையில்லை. நம் முன்னோர் செலவு செய்து வெட்டி வைத்த சேமிப்புக் கிணறு அது. நேராக அதில் விடுங்கள். தூர்வார வேண்டியிருந்தால் மட்டும் எச்சரிக்கை: வருடக்கணக்கில் மூடிக் கிடந்த கிணற்றில் காற்று கெட்டுப்போயிருக்கும். அனுபவமுள்ள கிணற்று வேலைக்காரர்களை மட்டும் இறக்குங்கள், இடுப்பில் கயிறு, மேலே எப்போதும் ஆள். டீசல் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்ட விடவே கூடாது, அதன் புகை உள்ளே இருப்பவரைக் கொன்றுவிடும்.

ஆழ்துளைக் கிணற்றுக்குள் மழைநீரை நேராக விடுவது பற்றிக் கேட்பார்கள். என் கருத்து, அது கடைசி வழி. வண்டல் போனால் போர் அடைத்துக்கொள்ளும். அழுக்குப் போனால் எல்லோரும் குடிக்கும் ஆழத்துக்கே போய்விடும்.

மாடிக்கும் கிணற்றுக்கும் நடுவில்

நடுவில் வருபவை மூன்று. மாடியில் ஒவ்வொரு குழாய் வாயிலும் இலை தடுக்கும் கம்பிக் கூண்டு. கீழே, மூடி போட்ட ஒரு கிளைக் குழாய். பருவத்தின் முதல் இரண்டு மழையில் மூடியைத் திறந்துவிட்டால், மாடியில் சேர்ந்த புறா எச்சமும் தூசியும் வெளியே போய்விடும். அதற்கப்புறம், கிணற்றுக்கு முன்னால் இரண்டடிக்கு இரண்டடிச் செங்கல் தொட்டி ஒன்று. வண்டல் அதன் அடியில் தங்கும், தண்ணீர் மேலாகத் தாண்டிக் கிணற்றுக்குப் போகும்.

இந்தத் தொட்டியில் மணல், கரி, ஜல்லி என்று அடுக்கு அடுக்காக வடிகட்டி போடச் சொல்லும் படங்கள் நிறைய உண்டு. குடிநீர்த் தொட்டியில் சேமிப்பவர்களுக்கு அது தேவைதான். நிலத்துக்குள் விடுபவர்களுக்கு மணல் அடுக்கு பெரிய தொல்லை. பெருமழையில் மணல் அவ்வளவு வேகமாக வடிக்காது, தொட்டி நிரம்பி வாசலில் வழியும். மணலும் இரண்டே மழையில் மேலே பிசுபிசுவென்று அடைத்துக்கொள்ளும். எங்கள் தெருவில் கூழாங்கல்லும் நைலான் வலையும் மட்டும்தான். கழுவி மறுபடி போட அரை மணி நேரம்.

ஏரிக்கு வரத்துக்கால் எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் கலுங்கும். உங்கள் கிணற்றுக்கும் ஒரு கலுங்கு வேண்டும். அடைமழையில் நிலத்தடி நீரே மேலே ஏறி, கிணறு நிரம்பும் நாள் வரும். அன்று மிஞ்சிய தண்ணீர் தெருவின் மழைநீர் வடிகாலுக்குப் போக ஒரு குழாய் வைத்துவிடுங்கள். பாதாளச் சாக்கடை மேன்ஹோலுக்கு மட்டும் வேண்டாம். மழைநீர் அதில் புகுந்தால் யார் வீட்டுக் கழிவறையிலோ எதிர்த்துக்கொண்டு வரும்.

வாசல் கேட்டின் குறுக்கே ஒரு பள்ளம் வெட்டி, மேலே இரும்புச் சட்டம் போட்டு, முற்றத்துத் தண்ணீரையும் பிடிக்கலாம். வண்டி கழுவும் வீடுகளில் இதைச் செய்யாதீர்கள், எண்ணெயும் சோப்பும் கிணற்றுக்குள் போகும். செப்டிக் டேங்க் பக்கத்தில் இருந்தால் உறைக் கிணறே அங்கே கூடாது, வீட்டின் மறுபக்கத்தில் இடம் பாருங்கள். அஸ்திவாரத்தை ஒட்டியும் தோண்ட வேண்டாம். காற்று போக விட்ட துளைகளில் எல்லாம் கொசு வலை கட்டுங்கள். இது ஒன்றை விட்டுவிட்டால் போதும், அடுத்த டெங்கு சீசனில் உங்கள் திட்டத்தைத் தெருவே திட்டும்.

ஆட்களும் பணமும்

எல்லா வீட்டையும் ஒரே வருடத்தில் சேர்த்துவிட நினைக்காதீர்கள். 25 வீட்டில் ஐந்து சம்மதித்தால் போதும், ஆரம்பித்துவிடுங்கள். கிணறு உள்ள வீடுகளாகப் பார்த்துப் பிடித்தால் முதல் வருடச் செலவு குழாய்க்கும் தொட்டிக்கும் மட்டும்தான். ஐப்பசியில் அந்தக் கிணறுகள் ஏறுவதைப் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்ப்பார்கள். அதைவிட நல்ல பிரசாரம் எனக்குத் தெரியவில்லை.

விலை ஊருக்கு ஊர், வருடத்துக்கு வருடம் மாறும். தோண்டும் கூலி, உறை, குழாய், தொட்டி, மண் அள்ளிப்போகும் செலவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். மொத்தமாக ஒரு தொகை சொல்கிறவர் மண் அள்ளுவதை விட்டுவிடுவார். பிறகு அந்தக் குவியல் மழையில் கரைந்து, யாரைக் குறை சொல்லி இந்த வேலையைத் தொடங்கினீர்களோ அந்த வடிகாலையே அடைக்கும். ஐந்து வீட்டுக்குச் சேர்த்து ஒரே ஆளிடம் கொடுத்தால் பேரம் பேச இடம் உண்டு.

வேலை நடக்கும்போது ஒருவர் கூடவே நிற்கவேண்டும். எங்கள் முதல் உறைக் கிணற்றில், கொத்தனார் "சுத்தமா இருக்கட்டும் சார்" என்று அடியில் நேர்த்தியாகக் கான்கிரீட் போட்டு மூடிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வாழ்நாளெல்லாம் தண்ணீர் ஒழுகாத சம்ப் கட்டியவர். ஒழுகுவதற்காக ஒன்றைக் கட்டுவது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். உடைத்து எடுக்க இரண்டு நாள் ஆனது.

காலம் முக்கியம். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்கும். தோண்டும் வேலை கோடையில், நிலத்தடி நீர் கீழே இருக்கும்போது எளிது. ஆடிக்குள் தோண்டி முடித்து, புரட்டாசியில் சுத்தம் செய்து, ஐப்பசிக்குக் காத்திருங்கள். கோயம்புத்தூரில் மழை சென்னையில் பாதிதான், அங்கே தென்மேற்குச் சாரலும் கொஞ்சம் உண்டு. உங்கள் ஊர் மழைக்கு ஏற்றபடி கணக்கையும் காலத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

தெருவுக்கு வெளியே

காம்பவுண்டுக்குள் இருக்கும்வரை உங்கள் ராஜ்யம். தெருவிலோ பூங்காவிலோ ஒரு கடப்பாறை வைக்கவேண்டுமானால் மாநகராட்சி அல்லது நகராட்சியின் அனுமதி வேண்டும். ரோட்டுக்கு அடியில் மின் கேபிள், குடிநீர்க் குழாய், சாக்கடை எல்லாம் போகின்றன, ஆர்வக்கோளாறில் வெட்டாதீர்கள். ரோட்டில் ஓடும் மழைநீரில் டயர்த் தூசியும் எண்ணெயும் இருக்கும். அதை நிலத்தில் இறக்கும் வேலையைப் பொறியாளரிடம் விட்டுவிடுவது நல்லது.

கேட்கும் முறை ஒன்று உண்டு. "எங்கள் பகுதிக்கு ஏதாவது செய்யுங்கள்" என்று மனு கொடுத்தால் அது கட்டோடு கட்டாகப் போகும். "இத்தனை வீட்டில் நாங்களே செய்துவிட்டோம், கிணற்று மட்டம் இவ்வளவு ஏறியது, பூங்காவின் வடக்கு மூலையில் தண்ணீர் தேங்குகிறது, அங்கே ஒரு உறைக் கிணறு வேண்டும்" என்று அளவோடு கேட்டால் உதவிப் பொறியாளர் நின்று பேசுவார். தமிழ்நாட்டு நகரங்களில் வார்டுக்குள் மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை உண்டு. அது கூடும் நாளில் தேங்கிய தண்ணீரின் போட்டோவைக் கையோடு கொண்டு போங்கள். மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைப் போடும் நமக்கு நாமே திட்டத்தையும் அங்கே கேட்டுப் பாருங்கள். சென்னைக்காரர்கள் 2002 முதல் மழைநீருக்கென்றே நடந்துவரும் ரெயின் சென்டரிலும் யோசனை கேட்கலாம்.

நோட்டுப் புத்தகம்

இத்தனைக்கும் பிறகு ஒரு தெருவில் இது நிலைக்குமா, 2003-இன் மூடியைப் போல ஆகுமா என்பது ஒரு நாற்பது பக்க நோட்டில் இருக்கிறது. முதல் பக்கத்தில் ஒவ்வொரு கிணற்றுக்கும் நேரே ஒரு பெயர் எழுதுங்கள். சங்கத்தின் பெயரை எழுதினால் வேலை நடக்காது, ஒரு ஆளின் பெயர் வேண்டும். சங்கம் என்பது யாரும் இல்லை. அந்த ஆள் வீடு மாறிப் போனால் அன்றே அடுத்த பெயர்.

அவர் செய்யவேண்டியது அதிகம் இல்லை. புரட்டாசியில் மாடியைப் பெருக்கி, கூண்டுகளைச் சரிபார்த்து, தொட்டியின் வண்டலை அள்ளிவிட்டு, கூழாங்கல்லைக் கழுவிப் போடவேண்டும். மழைக்காலத்தில் ஒவ்வொரு பெருமழைக்கு அப்புறமும் தொட்டி மூடியை ஒரு தடவை திறந்து பார்க்கவேண்டும். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலை, மோட்டார் போடுவதற்கு முன்னால், கயிற்றில் ஒரு கல்லைக் கட்டிக் கிணற்றில் விட்டு, தரையிலிருந்து தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று அளந்து நோட்டில் எழுதவேண்டும். டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி வைத்தால் தண்ணீரின் உப்பு குறைவதையும் குறிக்கலாம். கடலோரத் தெருக்களில் அதுதான் முதலில் தெரியும் மாற்றம்.

முதல் வருடம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஐந்து வீட்டுத் தண்ணீர் நிலத்துக்கு அடியில் காம்பவுண்டு பார்த்து நிற்காது, பக்கத்துத் தெருவுக்கும் போகும். "நாம் இறக்கினால் அவன் உறிஞ்சுகிறான்" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். சொல்லட்டும். அந்தப் பக்கத்துத் தெருவின் பெயரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள், அடுத்த கோடையில் போய்த் தட்டவேண்டிய கதவுகள் அங்கே இருக்கின்றன.

தை பிறந்து மழை ஓய்ந்ததும் கிளைக் குழாயைத் திறந்துவிட்டு, கூழாங்கல்லை வெளியே எடுத்து வெயிலில் காயப் போடுங்கள். தொட்டியில் தங்கிய வண்டலைத் தூக்கி எறியவேண்டாம், தொட்டிச் செடிகளுக்குப் போடுங்கள். முருங்கைக்கும் ஆகும்.